மருத்துவர் முடிவெடுக்கட்டும்

ஆசிரியருக்கு,

18 வயதுக்குட்பட்ட திருநர் பிள்ளைகளுக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தும் ஹார்மோன் சிகிச்சையும் தரக்கூடாது என்ற டென்னசி மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6-3 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் போதவில்லையா, சரி, ஆய்வை முடுக்கிவிடுங்கள். ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது மருத்துவரின் வேலையை அரசியல்வாதி பறித்துக்கொள்வதுதான். வயதுக்கு முன்பே பருவமடையும் குழந்தைக்கு அதே மருந்தைக் கொடுக்க அதே சட்டம் இடம் தருகிறதே!

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் பெற்றோரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், “நம்ம பிள்ளைங்க அப்படியில்லை” என்று சிரித்துவிட்டுத் துணைப்பாடக் கட்டணத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? குழந்தைநல மருத்துவர் ஒருவரின் கேள்வி-பதில் பகுதியைத் தமிழில் தொடங்குங்கள், பெயர் சொல்லாமல் கேட்கவும் வழி இருக்கட்டும்.

வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்