பவர் டேபிளில் இருப்பவருக்கும் புரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2008 நிதி நெருக்கடி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் இடதுசாரி. நானும் அந்தப் பக்கம்தான். திருப்பூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து, சங்கக் கொடி பிடித்து, ஓய்வு பெற்றவன். அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

2009 தொடக்கத்தில் நகைக்கடன் கவுன்ட்டரில் இருந்தேன். பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், தைக்கும் டைலர் ஒருவர் மனைவியின் சங்கிலியை அடகு வைக்க வந்தார். ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனியில் இப்போது வாரம் மூன்று நாள்தான் வேலையாம். "அமெரிக்காவுல பேங்க் திவாலானா எனக்கு ஏனுங்க சார் வேலை போகுது?" என்று கேட்டார். வரிசை நீண்டிருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை வட்டி கட்ட வந்தபோது இடதுசாரி நாளேடு ஒன்றின் கட்டுரையைக் கொடுத்தேன். அங்கேயே நின்று பாதி படித்துவிட்டு, "நிதி மூலதனத்தின் ஆதிக்கம்னா என்னங்க சார்?" என்றார்.

உங்கள் கட்டுரையிலும் 'நவதாராளவாதம்', அதாவது எல்லாவற்றையும் சந்தையிடம் விடும் கொள்கை, திரும்பத் திரும்ப வருகிறது. நடந்தது என்ன என்பது மட்டும் வரவில்லை. அமெரிக்காவில் வருமானம் இல்லாதவருக்கும் வீட்டுக்கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன்களை ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி, முதலீட்டுப் பத்திரங்களாக மாற்றி விற்றார்கள். பத்திரங்களுக்குத் தரம் சொல்லும் மூடிஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றுக்கு 'ட்ரிபிள் ஏ', அதாவது மிகப் பாதுகாப்பானது, என்று முத்திரை குத்தின. அதற்குக் கட்டணம் கொடுத்தவர்களே மூட்டையை உருவாக்கியவர்கள்தான்! எங்கள் கிளையில் உரசிப் பார்க்காத நகைக்கு ஒரு ரூபாய் தர மாட்டோம். இப்படிச் சொல்லியிருந்தால் அந்த டைலருக்கு உடனே புரிந்திருக்கும்.

மக்கள் சேமிப்பை வைத்திருக்கும் வங்கியும் பங்குச் சந்தையில் விளையாடும் வங்கியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று 1933இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1999இல் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். 18 ஆண்டுகள் அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 2008 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன் இந்த நெருக்கடியைச் சுனாமி என்றார். 2004இல் கடல் பொங்கியதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. இதற்குப் போட்டார்கள். சந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற தன் நம்பிக்கையில் கோளாறு இருந்ததை அதே விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். நம் தரப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் ராமநாதபுரம், புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு நேரில் போய் எழுதினார். அப்புறம் மகாராஷ்டிராவின் விதர்பாவில் பருத்தி விவசாயிகளின் வீடுகளுக்குள் போனார். அதனால்தான் அவர் எழுத்து எல்லோருக்கும் எட்டியது.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று விழுந்தது. சில மாதங்களில் எங்கள் ஊரில் ஒரு சங்கிலி அடகுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது, எந்தக் கடை ஆர்டரை நிறுத்தியது, எந்த வங்கி கடனை இறுக்கியது என்று யாரையாவது எழுதச் சொல்லுங்கள். அந்த டைலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். உங்கள் நிருபர் வந்தால் நானே கூட்டிப் போகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருப்பூர்.