புதிய தாள் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் கட்டாயம் வந்துவிடுகிறோம்.

உங்கள் துறையில் 'உலக இசை' என்று ஒரு தாள் வரப்போவதாகவும், பாடத்திட்டம் எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். வாரத்துக்கு ஒரு நாடு என்று படம் காட்டி, பாட்டுப் போட்டு முடித்துவிடாதே. பிள்ளைகள் பரீட்சை எழுதிவிடுவார்கள், காது மட்டும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு மரபை எடுத்துக்கொள். அதில் ஊறிய கலைஞர் ஒருவரை அழைத்து, வருஷம் முழுக்க வாசிக்க வை.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் இசைப் பேராசிரியர் மேன்டில் ஹூட் 1950களிலேயே, ஜாவாவின் கமலான் என்ற, கோங் முதலான வெண்கல வாத்தியங்கள் சேர்ந்த தொகுதியை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார். பிற மரபை ஆராய வருகிறவர் முதலில் அதை வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே படித்த ராபர்ட் பிரௌன் நம் டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். 1960களில் ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனதில் பிரௌனின் பங்கு பெரிது. அப்புறம் புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனும் போனார். விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸை நாம் பாகவதர் என்றே கொண்டாடினோம். பாடகர் எஸ். ராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியதும் அதே வெஸ்லியனில்தான். கற்பிக்கப் போனவரும் அங்கே படித்தார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

இங்கே எங்கள் கல்லூரிக் கமலான் வகுப்பில், மிருதங்கம் படித்த நம் ஊர்ப் பையன் ஒருவன் சேர்ந்தான். நமக்குச் சமம், அதாவது தாளச் சுற்றின் அழுத்தமான இடம், முதல் அடியில். அவர்களுக்கோ பெரிய கோங் சுற்றின் கடைசி அடியில் விழும். பதினாறு எண்ணினால் பதினாறாவதில். இவன் ஒவ்வொரு முறையும் ஒன்றில் ஓங்கி அடித்தான். ஜாவா ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல் அவனைக் கோங் பக்கத்தில் உட்காரவைத்தார். சில வாரத்தில் அவன் உடம்பே முடிவை நோக்கிச் சாயத் தொடங்கியது. அவர்களுடைய ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து ஸ்வர வரிசையை "இது நம் ஐந்து ஸ்வர மோகன ராகம்தானே சார்?" என்று கேட்டவனும் அவன்தான். தம்புராவைப் போட்டு ஒப்பிடச் சொன்னேன். ஸ்வரங்கள் ஒட்டவில்லை. போதாததற்கு, ஒவ்வொரு கமலானுக்கும் சுருதியே தனி. அதன்பிறகு எதையும் அவன் அவசரப்பட்டு நம் ராகத்துக்குள் அடைப்பதில்லை.

சரி, வெண்கலக் கமலான் வாங்க உங்களிடம் பணம் ஏது? பக்கத்துக் கேரளத்துச் செண்டையை எடுத்துக்கொள். செண்டைக் குழு வாசிக்கும் பஞ்சாரி மேளத்தில் தாளச் சுற்று 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று சுருங்கிக்கொண்டே வரும். நம் லயத்துக்கு உறவுதான், ஆனாலும் வேறு உலகம். அவர்கள் ஆரம்பத்தில் கருங்கல்லில்தான் புளியங்கோலால் அடித்துப் பழகுகிறார்கள். முதல் பருவத்துக்குச் செண்டைகூட வேண்டாம். ஆசானிடம் பட்டம் இல்லையே என்று அலுவலகத்தில் இழுப்பார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' ஏற்பாட்டைக் காட்டு. அனுபவமுள்ளவருக்கு அதில் பட்டம் கட்டாயமில்லை. மதிப்பெண்ணில் பாதியையாவது சேர்ந்து வாசிப்பதற்கே ஒதுக்கு, இதில் விட்டுக்கொடுக்காதே.

குழுவில் என்ன சொன்னார்கள் என்று எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சேது