தண்ணீர் பழுப்பானால் பயப்படாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்க வீடு வீடாக வருகிறவர்கள் ஒரு சோதனை செய்து காட்டுகிறார்கள். ஒரு டம்ளரில் நம் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பி விட்டு கரண்ட் கொடுத்ததும் நம்முடையது பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே கசடு மிதக்கும். அவர்களுடையது அப்படியே தெளிவாக நிற்கும். "இதைத்தாம்மா குழந்தைக்குக் குடுக்குறீங்க" என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மனசு பதறாது? எங்கள் தெருவில் கடன் வாங்கி மெஷின் வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் செய்முறை நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு. தண்ணீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. உப்பு கூடக் கூட மின்தடை குறையும், கரண்ட் அதிகம் பாயும், இரும்பும் அதிகம் கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு சொற்பம் என்பதால் கரண்ட் சரியாகப் பாய்வதில்லை. அவர்களுடைய டம்ளரிலும் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் செய்வதும் இதே வேலைதான். மின்கடத்தலை அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்ட ஊர்களில் போர் தண்ணீரைப் பார்க்க இந்த மீட்டர் நிச்சயம் உதவும். ஆனால் நம் பகுதியின் பெரிய பயம் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது. கிருமியை இந்த மீட்டர் காட்டாது. 150 என்று காட்டுகிற தண்ணீரிலும் காலரா கிருமி இருக்கலாம்.

வட சென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: பெற்றோர் கூட்டத்தன்று உங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகளே இதைச் செய்து காட்டட்டும். முதலில் மின்தடையை அளக்கும்போது பேட்டரி வேண்டாம். கம்பியில் வாயுக்குமிழி படிந்து அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் மேற்பார்வையில், 6 வோல்ட் ஏ.சி. டிரான்ஸ்பார்மரும், கரண்டை அளக்க ஓர் ஏ.சி. அம்மீட்டரும், இரண்டு கார்பன் தண்டும் போதும். ஒரு லிட்டருக்கு 1 கிராம், 2 கிராம், 4 கிராம் என்று உப்பைக் கூட்டி மின்தடையைக் கரும்பலகையில் எழுதட்டும். அப்புறம் அதே தண்ணீரில் இரும்புக் கம்பியை விட்டு, பேட்டரியை இணைத்து, பெற்றோரைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை.