செலவு கூடினால் யார் தலையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய போக்குவரத்துத் திட்டங்கள் வருடக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் பல துறைகள் கைவைப்பதுதான், எல்லாவற்றையும் ஒரே அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். படித்தபோது சரி என்றுதான் பட்டது. அப்புறம் யோசித்தால் இடிக்கிறது.

நிலம் எடுப்பவர் ஒருவர், பணம் தருபவர் இன்னொருவர், தோண்டும் இடத்தில் குறுக்கே வரும் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் வேறு யாருடையதோ. இவர்களை எல்லாம் ஒன்றாக்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். பாதுகாப்புச் சான்று தருபவரையும் அதே கூரைக்குள் கொண்டுவரலாமா?

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையத்தைப் பாருங்கள். அதை நடத்தும் நிறுவனத்தில் பெர்லின், பிராண்டன்பர்க் இரண்டு மாநிலங்களுக்கும் ஆளுக்கு 37 விழுக்காடு பங்கு, ஜெர்மனியின் மத்திய அரசுக்கு 26 விழுக்காடு. மேற்பார்வைக் குழுவின் தலைவராக இருந்தவர் பெர்லின் மேயர். 2012 ஜூன் 3 அன்று திறப்பு என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு நான்கு வாரம்கூட இல்லாதபோது ரத்து செய்தார்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு தயாராகவில்லை. தானாகத் திறக்க வேண்டிய கதவுகளுக்குப் பக்கத்தில் ஆட்களை நிறுத்திச் சமாளிக்கலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது! அதை ஏற்காமல் நின்றது ஒரு மாவட்டத்தின் கட்டட அனுமதி அலுவலகம். கடைசியில் 2020 அக்டோபர் 31 அன்றுதான் திறந்தார்கள். அந்தச் சின்ன அலுவலகமும் மூன்று அரசுகளின் கைக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

லண்டனின் எலிசபெத் ரயில் பாதையில் சிக்கல் வேறு மாதிரி. பிரிட்டன் போக்குவரத்துத் துறையும் லண்டன் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. சுரங்கப் பாதைக்கென்று தனி நிறுவனம், தரைமேல் ஏற்கெனவே இருந்த தண்டவாளங்களுக்கு அவற்றைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் என்ற இன்னொரு நிறுவனம். ஒரே ரயில் மூன்று வகை சிக்னல் அமைப்புகளோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. 2018 டிசம்பரில் ஓட வேண்டிய ரயில் ஓடாது என்ற அறிவிப்பு அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. ஓடத் தொடங்கியது 2022 மே மாதம். நிலைய வேலைகள் முடியவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வேலையும் பின்தங்கியது. அந்தச் சேர்க்கும் வேலையைத்தான் எல்லோரும் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு துறை சேர்ந்தாலே இந்தப் பாடு என்றால் இரண்டு நாடு சேர்ந்தால்? டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000 ஜூலை 1 அன்று, குறித்த காலத்துக்கு முன்பே, திறக்கப்பட்டது. டென்மார்க் தண்டவாளத்தில் மின்சாரம் 25,000 வோல்ட், ஸ்வீடனில் 15,000. டென்மார்க்கில் ரயில் வலப்பக்கம் ஓடும், ஸ்வீடனில் இடப்பக்கம். எந்த இடத்தில் எது மாறும் என்பதைத் தீர்த்துவிட்டுத்தான் ரயிலை விட்டார்கள். 1991-லேயே இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பாலத்தைக் கட்டிய நிறுவனத்தில் இரண்டு தரப்புக்கும் சரிபாதி. கடனுக்கு இரு நாடுகளும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது ஒருவர் கைவிரித்தால் மற்றவர் முழுக் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கயிறு கழுத்தில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் கணக்கையும் நாமே புரட்டிப் பார்ப்போம்.

துறைகள் எத்தனை இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. தகராறு வந்தால் முடிவு சொல்பவர் யார், கூடுதல் செலவு யாருடையது என்பது முதல் நாளே தாளில் இருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று கைகுலுக்கும் படம் போடும்போது, இந்த இரண்டையும் சொல்லும் ஷரத்து ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்கள் நிருபரைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்