வீட்டிலேயே அளவு குறைக்கலாம் என்று விற்கப்பட்ட கைக்கடிகாரச் செயின் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
கைக்கடிகார விற்பனை நிறுவனம்.

பொருள்: செயின் கண்ணிகளைக் கழற்றுவதற்கான விளக்கத் தாளில் இன்றியமையாத தகவல் விடுபட்டமை, அதனால் கைக்கடிகாரம் சேதமடைந்தமை, உத்தரவாதம் மறுக்கப்பட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆடித் தள்ளுபடி விற்பனையின்போது தங்கள் நிறுவனத்தின் இணைய விற்பனைத் தளத்தில் எஃகுச் செயின் பொருத்திய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினேன். செயினின் அளவைக் குறைக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே குறைத்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அறிவித்திருந்தீர்கள். பெட்டிக்குள் அதற்கென்றே ஒரு சிறிய கருவியையும், படங்கள் அச்சிட்ட ஒரு விளக்கத் தாளையும் வைத்திருந்தீர்கள். அந்தத் தாளில் உள்ளவாறே செய்து அணிந்துவந்த செயின், சில வாரங்களில் தானாகவே பிரிந்து, கடிகாரம் அலுவலகத்தின் சிமெண்டுப் படியில் விழுந்தது. கண்ணாடியில் குறுக்காக விரிசல் கண்டதோடு, நேரம் வைக்கும் திருகும் வளைந்துவிட்டது. வாடிக்கையாளர் தாமாகச் செயினைக் கழற்றியதால் உத்தரவாதம் பொருந்தாது என்று தங்கள் பழுதுநீக்க மையம் பதில் எழுதியுள்ளது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை என்பதையும், அதற்கான காரணங்களையும் தங்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், தங்கள் விளக்கத் தாள் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். செயினின் உட்புறத்தில் அம்புக்குறி உள்ள கண்ணிகளைக் கண்டறிய வேண்டும். அந்தக் கண்ணியைக் கருவியின் பள்ளத்தில் வைத்துத் திருகைச் சுழற்றி, கண்ணிகளை இணைக்கும் மெல்லிய கம்பியான பின்னை அம்புக்குறி காட்டும் திசையில் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். வேண்டாத கண்ணிகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய இரு முனைகளைச் சேர்த்து, எதிர்த்திசையிலிருந்து பின்னை மீண்டும் செலுத்த வேண்டும். இவ்வளவுதான் அதில் உள்ளது. நான் இதில் ஒரு வரியையும் தாண்டவில்லை. பூட்டு மணிக்கட்டின் நடுவில் அமையும்படி இரு பக்கத்திலும் சமமாகக் கண்ணிகளை எடுத்தேன். பின்னை இரு ஓரங்களிலும் விளிம்போடு சமமாக அமரும் வரை செலுத்தினேன். கழற்றிய கண்ணிகளையும் பெட்டியில் இருந்த உறையிலேயே இட்டுப் பத்திரப்படுத்தினேன். செயினைப் பூட்டி இழுத்துப் பார்த்தபோதும் அது உறுதியாகவே இருந்தது.

கடிகாரம் விழுந்த பிறகு, சத்திரம் பேருந்து நிலையத்திற்கு அருகில் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு பிரிந்த இடத்தைப் பார்த்ததும், "இதற்குள் இருக்க வேண்டிய குழாய் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. நான் உறையில் வைத்திருந்த கண்ணிகளை அவரிடம் கொடுத்தேன். அவை ஒன்றோடொன்று இணைந்தபடியே இருந்ததால், அவற்றுக்கு இடையிலான பின் தொழிற்சாலையில் செலுத்தப்பட்ட நிலையிலேயே இருந்தது. அவர் அந்தப் பின்னை மெல்லத் தட்டி வெளியேற்றியபோது, நடுக்கண்ணியிலிருந்து கடுகளவே உள்ள ஓர் எஃகுக் குழாய் மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் விழுந்தது. தங்கள் தாளின் எந்தப் படத்திலும் எந்த வரியிலும் இந்தக் குழாய் இல்லை.

இந்தச் சிறு குழாயைத்தான் கடைக்காரர்கள் காலர் என்கிறார்கள். செயினை இணைத்துப் பிடித்திருப்பது பின் என்றே பார்ப்பவர் எவரும் எண்ணுவர். ஆனால் இவ்வகைச் செயினில் பின் எளிதாக நுழைந்து வெளிவரும் அளவுக்குத்தான் கண்ணியின் துளை இருக்கிறது. துளைக்குள் அமர்ந்துள்ள குழாய் மட்டுமே பின்னை இறுக்கிப் பிடிக்கிறது. பின்னைத் தள்ளும்போது குழாய் அதனோடு ஒட்டிக்கொண்டு வரலாம், தனியே நழுவிக் கீழே விழலாம், கண்ணிக்குள்ளேயும் தங்கிவிடலாம். அது விழுந்துவிட்டால், பின் மீண்டும் துளைக்குள் சென்று சமமாகவே அமரும், செயினும் சேர்ந்தே இருக்கும். கண்ணுக்கும் கைக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. அதன்பின் கை அசையும் ஒவ்வொரு முறையும் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்ப, பிடிப்பற்ற பின் சிறிது சிறிதாக ஓரத்தை நோக்கி நகர்ந்து, ஒருநாள் வெளியே வந்துவிடும். என் கடிகாரத்திற்கு நேர்ந்தது இதுவே.

எல்லாச் செயின்களும் இப்படி அமைந்தவையாக இருந்தால், இதைப் பொதுவாக எல்லோரும் அறிந்த செய்தி என்று தாங்கள் வாதிடவாவது இடமிருக்கும். ஆனால் வகைகள் பல. சிலவற்றில் ஒரு முனை பிளந்து சற்றே விரிந்த பின் இருக்கும். துளைக்குள் ஒடுங்கும் அந்தப் பிளவு விரிய முயன்று சுவரைத் தானே பற்றிக்கொள்ளும் என்பதால், அங்கே குழாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரோலக்ஸ் நிறுவனத்தின் ஆய்ஸ்டர் செயின் போன்றவற்றில் கண்ணிகளைத் திருகாணி இணைக்கிறது. ஜப்பானியக் கைக்கடிகாரங்கள் பலவற்றில் பின்னும் குழாயும் சேர்ந்த அமைப்பு உண்டு. இவற்றில் பிளந்த பின்னும் குழாய்ப் பின்னும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கின்றன; இரண்டிலும் உட்புறத்தில் அதே அம்புக்குறிதான். தம்முடைய செயின் எந்த வகை என்பதை அதைச் செய்து விற்பவர் சொன்னாலன்றி வாங்குபவர் அறிய வழியில்லை. அந்தத் தகவலைச் சொல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று அழைத்த நிறுவனம், பிறகு அதே செயலை உத்தரவாதத்தை மறுப்பதற்கான காரணமாகக் காட்டுவது எவ்வகையிலும் நியாயமாகாது. பழுதுநீக்க மையத்தின் பதிலில் உள்ள "முறையற்ற கையாளுதல்" என்ற சொற்கள் என்னை மிகவும் வருத்தின. தங்கள் தாள் கூறிய முறையைத் தவிர வேறு எந்த முறையையும் நான் கையாளவில்லை.

கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உடலில் பொருத்திய அதன் தள்ளுமுனை மிக மெல்லியது. பின்னின் மையத்தோடு அது நேராக அமையாவிட்டால் முனை வளைந்துவிடும் என்று பழுதுபார்ப்பவர் கூறினார். அவரிடம் இதே வகைக் கருவிகள் முனை ஒடிந்த நிலையில் பல இருந்தன. மாற்று முனை ஒன்றைப் பெட்டியில் வைப்பது தங்களுக்குப் பெரிய செலவாகாது.

விளக்கத் தாளில் விடுபட்டவை இன்னும் உள்ளன. செயினின் பூட்டுப் பகுதியின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றன. பூட்டைச் செயினோடு இணைக்கும் ஸ்பிரிங் பின்னை அழுத்தி ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றினால், ஒரு கண்ணிக்கும் குறைவான அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். சிறிதளவே தளர்வாக உள்ள செயினுக்கு எந்தக் கண்ணியையும் கழற்றாமல் இதுவே போதும். அதற்குக் கருவிகூட வேண்டாம், ஒரு மெல்லிய குச்சி போதுமானது. எங்கள் ஊர் வெயிலில் காலையில் பொருத்தமாக இருக்கும் செயின் பிற்பகலில் மணிக்கட்டை இறுக்குவது வழக்கம் என்பதால், இந்தத் துளைகளின் பயன் இங்குள்ளவர்களுக்கு மிக அதிகம். வாங்குபவர் முதலில் செய்து பார்க்க வேண்டிய இந்த எளிய வழியைத் தாள் குறிப்பிடவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே கண்ணியைக் கழற்றச் சொல்கிறது.

நான் எதிர்பார்ப்பது கடினமான ஒன்றன்று. இந்தச் செயின் குழாய்ப் பின் வகையைச் சேர்ந்தது என்று தாளின் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். குழாயின் உண்மையான அளவையும், அது கண்ணியின் எந்தப் பகுதியில் அமர்கிறது என்பதையும் படத்தில் காட்ட வேண்டும். விளிம்புள்ள தட்டிலோ வெள்ளைத் துணியின் மேலோ வைத்துத்தான் பின்னைத் தள்ள வேண்டும் என்றும், வெளிவந்த ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு குழாய் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். குழாய் சரியாக அமர்ந்திருந்தால், பின்னானது கடைசிப் பகுதியில் தெளிவான இறுக்கத்தோடுதான் உள்ளே செல்லும். விரலால் தள்ளினாலே முழுதும் போய்விட்டால் குழாய் இல்லை என்று பொருள். இந்த ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தால் என் கடிகாரம் உடைந்திருக்காது.

பழுதுநீக்க மையத்தின் பதிலில் மற்றொரு செய்தியும் இருந்தது. குழாயும் பின்னும் தனியாக விற்பனைக்கு இல்லை, முழுச் செயினையும் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. தொலைந்துபோனது துளியளவு எஃகுத் துண்டு. அதற்காக எந்தக் குறையும் இல்லாத ஒரு முழுச் செயினை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்கச் சொல்வது வீண் செலவை வாடிக்கையாளர்மேல் சுமத்துவதாகும். வீட்டில் அளவு குறைக்கலாம் என்று விற்கும் நிறுவனம், அந்த வேலையில் தொலைந்துபோகக்கூடிய உதிரிகளைப் பெட்டியோடு தந்திருக்கவே வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே தராமல் விடுவதையும் குறைபாடு என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. தங்கள் தாளில் குழாய் விடுபட்டதை இதுவரை கவனக்குறைவாகவே நான் கருதுகிறேன். இக்கடிதம் தங்கள் கைக்கு வந்த பின்னும் அதே தாள் புதிய பெட்டிகளில் தொடர்ந்து சென்றால், அதைக் கவனக்குறைவு என்று கருத எனக்கு வழியிருக்காது. மேலும், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் புகார் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, என் கடிகாரத்தின் கண்ணாடியையும் திருகையும் கட்டணமின்றி மாற்றித் தந்து, நீர் புகாமையை மீண்டும் சோதித்து அனுப்புமாறும், செயினுக்கு வேண்டிய குழாய்களையும் பின்களையும் சேர்த்து அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவாதம் பொருந்தாது என்ற முந்தைய பதிலைத் தாங்கள் எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். திருத்திய விளக்கத் தாளை இனி விற்கும் பெட்டிகளில் வைப்பதோடு, இதே வகைச் செயினை ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவருக்கும் மின்னஞ்சல் வழியாக அனுப்ப வேண்டும் என்பதே இவற்றுள் நான் முதன்மையாகக் கருதும் கோரிக்கை. அவர்களில் எத்தனை பேர் குழாய் இல்லாத செயினை உறுதியானதென்று நம்பி இப்போதும் அணிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இருசக்கர வாகனத்தில் செல்லும்போதோ, கிணற்றடியிலோ, குழந்தையைத் தூக்கியிருக்கும்போதோ அந்தப் பின் வெளியே வரலாம்.

விலைச்சீட்டின் நகல், விளக்கத் தாளின் இரு பக்கப் படங்கள், பிரிந்த இடத்தின் படம், திறக்கப்படாதிருந்த கண்ணியிலிருந்து வெளிவந்த குழாயின் படம், பழுதுநீக்க மையத்தின் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். கடிகாரத்தை இன்னும் எங்கும் பழுதுபார்க்கவில்லை. தாங்கள் நேரில் ஆய்வு செய்ய விரும்பினால், பெற்றுக்கொண்டதற்கான எழுத்து ஒப்புகையோடு அனுப்பிவைக்க ஆயத்தமாக உள்ளேன். விதிகள் குறிக்கும் ஒரு மாத காலத்திற்குள் தீர்வு கிடைக்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் ஏதும் இல்லை. அந்த நிலை ஏற்படாதபடி தாங்கள் இதற்கு உரிய பதிலை எழுத்துமூலம் அனுப்புவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.