சங்கதி பின்னிணைப்பில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நாடுகள் வர்த்தக ஒப்பந்தம் போட்டாலும், எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் வரி குறைகிறது என்று விலாவாரியாக எழுதுகிறீர்கள். சேவைத் துறைக்கு மட்டும் ‘சேவைகளும் இதில் அடங்கும்’ என்று ஒரே வரி. வெளிநாட்டில் வேலை பார்க்கலாம் என்று நம்பி நர்சிங்கும் இன்ஜினீயரிங்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

சேவைக்குச் சுங்கவரி கிடையாது. ஒரு ஆடிட்டரைத் துறைமுகத்தில் நிறுத்தி வரி வாங்க முடியாது. அவரைத் தடுப்பது உரிமம், பட்டத்துக்கான அங்கீகாரம், விசா. அதனால் ஒப்பந்தம் உண்மையிலேயே எதையாவது திறந்துவிட்டதா என்று பார்க்க அதன் பின்னிணைப்பைப் புரட்டித்தான் ஆகவேண்டும். 1995ல் நடைமுறைக்கு வந்த காட்ஸ் ஒப்பந்தத்தில் (உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக ஒப்பந்தம்) திறக்கிற துறைகளை மட்டும் பட்டியல் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் அமலுக்கு வந்த நாஃப்டாவில், அதாவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ போட்ட ஒப்பந்தத்தில், இது தலைகீழ்: விலக்கு வேண்டியதை எழுதி வைக்க வேண்டியிருந்தது, எழுதாததெல்லாம் திறந்ததாகக் கணக்கு. இந்த ஒரு வித்தியாசமே எவ்வளவு பெரியது பாருங்கள்.

ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பின் நாடுகளையே எடுத்துக்கொள்வோம். செவிலியர் தகுதியை ஒருவருக்கொருவர் அங்கீகரிக்க 2006லேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சரி, ஒரு செவிலியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா? முடியாது. சொந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முன் தொடர்ச்சியாக மூன்று வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், அப்புறம் போகிற நாட்டின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். தாய்லாந்துக்குப் போவதானால் உரிமத் தேர்வை அந்த நாட்டு மொழியிலேயே எழுதியாக வேண்டும். பத்து வருட அனுபவம் உள்ளவரும் அந்த மொழி தெரியாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நோயாளியிடம் பேச மொழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று செய்தி படித்தவருக்கு இதையும் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

நிறுவனங்களுக்கு இந்தப் பாடு இல்லை. காட்ஸின் ஐந்தாவது பிரிவுப்படி, வட்டார ஒப்பந்தம் போட்ட நாடு ஒன்றில் பதிவு செய்து அந்த வட்டாரத்துக்குள் கணிசமாகத் தொழில் நடத்துகிற வெளிநாட்டு நிறுவனமும் அந்த ஒப்பந்தத்தின் சலுகையைப் பெறலாம். வளரும் நாடுகள் தங்களுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களில் இதற்கு விலக்கு உண்டு. ஆக, கிளை திறக்கிற வங்கிக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. உடம்பால் உழைக்கப் போகிற மனிதர்தான் உரிமம் தருகிற ஒவ்வொரு கவுன்சிலாக ஏறி இறங்குகிறார். எனக்கு ஆதங்கமே இதில்தான்.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, எந்தப் பட்டம் செல்லும், உரிமம் தருவது யார், தேர்வு எந்த மொழியில், விசா எத்தனை மாதத்துக்கு என்று அரைப் பக்கமாவது எழுதுங்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கடன் வாங்குகிற பெற்றோர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்