தட்டில் இருக்கட்டும் பாக்கு

ஆசிரியருக்கு,

பாக்கின் மருத்துவ குணங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடற்புழுவுக்குக் கொட்டைப்பாக்குத் தூள் கொடுத்தது உண்மைதான். அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருளை ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவை நீக்கக் கால்நடை மருத்துவர்களும் பயன்படுத்தினார்கள். வெற்றிலை பாக்கு மாற்றினால்தான் சம்பந்தம் பேசி முடிந்ததாக அர்த்தம். இதெல்லாம் சரி. ஆனால், அளவாக மென்றால் செரிமானத்துக்கு நல்லது என்று கட்டுரையை முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-லேயே வெளியிட்டுவிட்டது.

பாக்குத் தோப்புகள் நிறைந்த வாழப்பாடிப் பக்கத்துக்காரன் நான். புகையிலையைத் தொட்டே பார்க்காத என் தாய்மாமாவுக்கு, சீவல் போட்டுப் போட்டே கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகிவிட்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. இட்லியைச் சாம்பாரில் கரைத்துத்தான் கொடுக்கிறோம். தாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும், அது மரியாதை. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்கை உணவுப் பாதுகாப்புத் துறை அகற்ற வேண்டும். அப்புறம், இத்தகைய கட்டுரைகளோடு ஒரு வாய்ப் புற்றுநோய் மருத்துவரின் கருத்தையும் நீங்கள் சேர்த்து வெளியிடலாம்.

– ஒரு வாசகர், வாழப்பாடி